அப்பாவுக்கு நான் அடித்த தப்பு

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் யாரும் நிம்மதியாக நோயாளியாக இருந்துவிட முடியாது. எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான். நோயாளி அப்பா.

பசறையிலிருந்து பஸ் ஏறினால் வளைவுக்கு வளைவு பக்கத்து ஆளின் மடியில் சரிந்து சரிந்து, சொந்தக்காரராகவே ஆகிவிட்ட பிறகு வந்து சேர்கிற தேயிலைத் தோட்டம் எங்களுடையது. அப்பா அங்கே ஆபிசில் பெரிய கிளாக்கர். நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, பதுளையில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டு, உலகத்தை எங்கிருந்து திருத்த ஆரம்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். (இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். அந்த வயதில் உலகம் ரொம்பப் பக்கத்தில் இருக்கும்.) அப்பா இன்னும் பக்கத்தில் இருந்தார்.

அவருக்குச் சீனி வருத்தம். பதுளை கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் அப்பாவின் கால் விரல்களை ஊசியால் மெல்லத் தொட்டுத் தொட்டு, "தெரியுதோ, தெரியுதோ" என்று கேட்டார். அப்பா மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார், ஊசி தொடாதபோதும். டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்கள் நடக்கிறேல்லை. அடுத்த கிளினிக்குக்குள்ள சீனி குறையாட்டி இன்சுலின் தொடங்க வேணும். அதுக்குப் பிறகும் நடக்காட்டி, இந்தக் காலைப் பற்றித்தான் நாங்கள் கதைக்க வேண்டி வரும்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது. அம்மா கையில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒருவேளை வார்டில் நிறுத்திவிட்டால் விரிக்கலாம் என்று ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை அதில் மடித்து வைத்திருந்தார். அந்த விரிப்பு அன்று செய்யப்போகிற வேலை எங்கள் யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்கு நடப்பதில் இருந்த சிக்கல் கால் வலி அல்ல, மானம். "எங்கப்பா மலையேறி மலையேறிச் செத்தாரு. எங்கம்மா கொழுந்துக் கூடையோட ஏறி எறங்குனாங்க. நான் படிச்சு நாக்காலியில உக்காந்தது மறுபடி நடக்குறதுக்கா?" என்பார். அப்படியும் ஒரு நாள் நடக்கப் போனார். பெரிய கிளாக்கர் காரணமில்லாமல் ரோட்டில் நடப்பதைப் பார்த்த தோட்டம் கலங்கிப் போயிற்று. ஒருவர் குடை கொடுத்தார். ஒருவர் வேலை போய்விட்டதா என்று மெதுவாக விசாரித்தார். கடைசியில் உர மூட்டையோடு வந்த டிராக்டர் அவரை ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது.

ஆகவே அப்பா யார் கண்ணிலும் படாமல் நடக்க வேண்டும். அதற்கு என்னிடம் விடை இருந்தது. ஆரோக்கியப் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது.

கிளினிக்கிலிருந்து நேராகப் பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு அழைத்துப் போனேன். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்கள் அங்கே கிடைக்கும். உடற்பயிற்சி மெஷின்கள் மூன்று, அலுமாரிகளுக்கு நடுவே நின்றன. முதலாவது, பெல்ட் ஓடுகிற நடை மெஷின். அது கரண்டில் ஓடும். எங்கள் தோட்டத்தில் மேகம் தலையைக் காட்டினாலே கரண்ட் போய்விடும். பாதி நடையில் பெல்ட் நின்றால் அப்பா மட்டும் தொடர்ந்து போய்ச் சுவரில்தான் நிற்பார். அதை ஒதுக்கினேன். இரண்டாவது, சைக்கிள். அப்பா அதில் ஏறி உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "இது நல்லாயிருக்கு" என்றார். மிதிக்கவேயில்லை. அதையும் ஒதுக்கினேன்.

மூன்றாவதுதான் நான் தேடி வந்தது. எலிப்டிகல். இரண்டு பெரிய மிதிகள், கைக்கு இரண்டு தண்டுகள், முன்னால் கனமான ஒரு சக்கரம். பாதம் மிதியை விட்டு எழும்பாமலே நடக்கலாம், முழங்காலுக்கு அதிர்ச்சி இல்லை, கரண்டும் வேண்டாம். எல்லாவற்றையும் கடையில் நின்றே விளக்கினேன். மிதியின் வீச்சு ஆளின் உயரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று சொல்லி, அப்பாவின் காலைச் சாணால் அளந்தேன். நானா என்னையே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பதுபோல் பார்த்தார்.

"இது நல்ல சாமான் மகள். முட்டிக்கு ஒண்டும் செய்யாது. வாப்பா சும்மா மிதிச்சாப் போதும்."

"பேரு என்னமோ சொன்னியே?" என்றார் அப்பா.

"எலிப்டிகல்."

"எலிப்பொறியா?"

"எலிப்டிகல் அப்பா."

"உக்கார்ற எடம் எங்க?"

"இல்ல."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில், நாற்காலியை நம்பி உயர்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் இருந்தது.

தோட்டத்து வேனில் பின் சீட்டுகளை மடித்து மெஷினைப் படுக்கப் போட்டோம். தூறல் விழுந்ததால் அம்மா அந்த வெள்ளை விரிப்பை எடுத்து அதன்மேல் போர்த்தினார். இருட்டுகிற நேரத்தில் வீட்டு வாசலில் வேன் நின்றது. இவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்ததில் அப்பாவுக்கு இரண்டு காலும் மரத்துப்போய், இரண்டு பேர் தோளில் தாங்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். பிறகு அதே வேனிலிருந்து, வெள்ளைத் துணி போர்த்திய நீளமான ஒன்றை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிர்மலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்கள் இதையெல்லாம் மூடுபனிக்கு ஊடாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும்.

மெஷினை நானே பூட்டினேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு நட்டு மிச்சம் இருந்தது. ஸ்பெயாராகக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல கம்பெனி என்று நினைத்துக்கொண்டேன். அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடச் சொல்லிப் பத்திரிகையில் எழுதியிருந்தது. அது பணக்காரர்களுக்குச் சொன்னது என்று விட்டுவிட்டேன். எங்கள் குவாட்டர்ஸோ வெள்ளைக்காரன் காலத்துப் பலகைத் தரை. கீழே ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வெற்றிடம். தோட்டத்திலேயே பெரிய மத்தளத்தின் மேல் நாங்கள் குடியிருந்தோம், அவ்வளவுதான்.

விடியற்காலை, திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடிவிட்டு, அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷினில் ஏறினார். முதலில் பின்பக்கமாக மிதித்தார். "நான் வந்த வழியே போறேன் போலிருக்கே" என்றார். திருத்தினேன். பிறகு ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்தது. அந்த நட்டு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டல். அதைப் பலகைத் தரை வாங்கி, பத்து மடங்காக்கி வெளியே அனுப்பியது.

டண் டணக்கு. டண் டணக்கு.

எங்கள் பக்கம் விடியற்காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ போய்விட்டார்கள். அதுவும் சத்தம் பெரிய கிளாக்கர் வீட்டுப் பக்கமிருந்து வந்தால், முதல் நாள் இருட்டில் பார்த்ததையும் சேர்த்துக்கொண்டால், வேறு யாரைக் கேட்க வேண்டும்?

முதலில் வந்தவர் லெட்சுமி அக்கா. கொழுந்து பறிக்கிறவர். ஒப்பாரி சொல்ல இவர் வராத எழவு எங்கள் தோட்டத்தில் எழவே இல்லை. அம்மா குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். லெட்சுமி அக்கா ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுகிறவரிடம் யாருக்கு என்ன ஆச்சு என்று எடுத்தவுடன் கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. முதலில் கூட அழ வேண்டும், பிறகுதான் விசாரணை. லெட்சுமி அக்காவின் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தது அம்மாவுக்குத் தெரியும். அம்மாவும் கட்டிக்கொண்டு அழுதார்.

"நல்ல மனுசனாச்சே அக்கா. போன கிழமைதான பாத்தேன்."

லெட்சுமி அக்கா ஒரு நொடி அழுகையை நிறுத்தினார். கட்டின புருஷனைப் போன கிழமை பார்த்தாளாம். ஆனாலும், துக்கத்தில் மனுஷி என்னவோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டுத் தொடர்ந்தார்.

இதற்குள் தப்பு அடிக்கிற முத்துசாமி அண்ணன் தப்போடு வந்துவிட்டார். தன்னை விட்டுவிட்டு வேறு யாரையோ கூப்பிட்டு, அதுவும் வீட்டுக்குள்ளேயே வைத்து அடிக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். ஆனால் எழவு வீட்டில் சண்டை போட முடியாது. வாசலில் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சி, உள்ளேயிருந்து வந்த அடிக்குப் பொருத்தமாகத் தானும் சேர்ந்துகொண்டார்.

அறைக்குள் அப்பாவுக்கு அது உற்சாகமாகப் போய்விட்டது. மூச்சு வாங்க வாங்க மிதித்தார்.

"எங்கயோ எழவு போல" என்றார். "லெட்சுமி கொரலு கேக்குதே. என்ன சொல்றா?"

நான் காதைக் கொடுத்தேன்.

"பேரு பதியப் பேனா இருக்கு, பேனா புடிச்ச கையக் காணோம். ஆபிசு நாக்காலி அழுவுதய்யா, அடுத்த ஆளு வந்து குந்துறானே."

அப்பா மிதிப்பதை நிறுத்தினார். தோட்டத்தில் பேனாவும் நாற்காலியும் சேர்ந்து இருப்பது யாருக்கு என்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்டது வேறு.

"என் நாக்காலியில எவன் குந்துறது?"

சாரமும் பனியனும் வியர்வையுமாக, தோளில் துவாயோடு அப்பா கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தார். கீழ் லயம் முழுவதும் நின்றது. மரண உதவிச் சங்கத்தின் பிளாஸ்டிக் கதிரைகள் டிராக்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. பெரட்டுக்குப் போய் அன்றைய வேலையைப் பிரித்து வாங்க வேண்டிய ஆட்கள் எல்லாம் எங்கள் வாசலில் கைகட்டி நின்றார்கள். லெட்சுமி அக்கா அம்மாவை விட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

"யாருய்யா இங்க தப்பு அடிச்சது?" என்றார் அப்பா.

முத்துசாமி அண்ணன் தப்பை மெல்ல முதுகுப் பக்கம் கொண்டுபோனார். "மொதத் தப்பு என்னோடது இல்லீங்க ஐயா. உள்ள இருந்து வந்திச்சு. நான் பின்னாலதான் சேந்துக்கிட்டேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மொதத் தப்பு இவளோடது."

பிறகு மெஷினை எல்லோரும் வரிசையில் வந்து பார்த்தார்கள். (எழவுக்கு வந்தவர்கள் எதையாவது பார்த்துவிட்டுத்தானே போக வேண்டும்.) நான் ஒருமுறை மிதித்துக் காட்டினேன். டண் டணக்கு. முத்துசாமி அண்ணன் தலையை ஆட்டி, "அடி சுத்தமா இருக்கு" என்றார். லெட்சுமி அக்கா மட்டும் சமாதானமாகவில்லை.

"என்னங்கய்யா நீங்க. தொண்டை கிழிய அழுதிருக்கேன். இனி நெசமா ஒங்களுக்கு ஒண்ணுன்னா புதுசா எங்க போய் நான் பாட்டு தேடுறது?"

அடுத்து, வந்தவர்கள் போவது எப்படி என்ற பிரச்சினை. எழவு வீட்டில் போயிட்டு வாறேன் என்று சொல்லக் கூடாது. இது எழவு வீடா இல்லையா? வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டுமா? அந்தக் குளிரில் அது சாதாரணக் கேள்வி இல்லை. எல்லோரும் சடங்கு முறை தெரிந்த சுப்பையா கங்காணியைப் பார்த்தார்கள். அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆள் எந்திரிச்சு நிக்கிறாரு. குளிக்க வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்.

அப்பாவும் சங்கத்துக் கதிரை ஒன்றில், தன் எழவுக்கு வந்தவர்களோடு உட்கார்ந்து சீனி போடாத தேத்தண்ணி குடித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. மெஷினைத் தூக்கி எறிவார், நடையும் போயிற்று, கால் போகப்போவது நிச்சயம் என்று நின்றேன். அப்பாவோ கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முகம் மெல்லக் கறுத்தது.

"கங்காணி, மேல் டிவிசன்ல இருந்து ஒருத்தரையும் காணோமே."

"சத்தம் கேட்டிருக்காதுங்க."

"பேக்டரிக்குக் கேட்டிருக்குமே. டீமேக்கர் வரலியே. அவரு மாமனார் எழவுக்கு ரெண்டு நாள் கூட இருந்தேன் நான்."

"நைட் வேலை முடிச்சுத் தூங்கியிருப்பாருங்க."

"செத்தவன் நானு. அவருக்குத் தூக்கம்."

அன்று பின்னேரம் அப்பா முழுக்கைச் சட்டை போட்டு, குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். எங்கே என்று அம்மா கேட்டார். "டீமேக்கரு வீட்டுக்கு. ஏன் வரலைன்னு கேக்கணும்." அது நல்ல ஏற்றம். வேனைக் கூப்பிடட்டுமா என்றேன். "வேன்ல போனா கோவம் எறங்கிப் போயிரும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். டீமேக்கர் மன்னிப்புக் கேட்டு, முட்டைரோல் கொடுத்து அனுப்பினாராம். (அதை அப்பா தின்றது டொக்டருக்குத் தெரிய வேண்டாம்.) மறுநாள் மேல் டிவிசன். அதற்கு மறுநாள் பங்களாச் சமையல்காரர் வீடு. வராதவர்கள் தீர்ந்ததும் வந்தவர்கள் வீட்டுக்குப் போனார். எழவுக்கு வந்து அழுதவர்களைப் போய்ப் பார்த்து நாலு வார்த்தை பேசாமல் விடுவது மரியாதையில்லை என்றார். ரோட்டில் யாரும் குடை கொடுக்கவில்லை, டிராக்டரும் நிற்கவில்லை. ஒரு மனிதர் தன் எழவுக் கணக்கை நேர்செய்யப் போகிறார், அதில் யார் குறுக்கே வருவார்கள்?

அடுத்த கிளினிக்கில் டொக்டர் ரிப்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, நல்லாக் குறைஞ்சிருக்கு. என்ன செய்தனீங்கள்?"

நான் எலிப்டிகல் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"என் எழவுக்கு வராத ஆளுங்களைத் தேடிப் போனேன் சேர்" என்றார் அப்பா.

டொக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா, ஆமாம் என்று தலையாட்டினார்.

அப்பா பென்ஷனுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஊசியும் போடவில்லை, இரண்டு காலும் அவரிடமே இருக்கின்றன, பின்னேரமானால் குடையோடு ரோட்டில் இறங்கிவிடுவார். அவரைக் கண்டால் தோட்டத்தில் யாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை.

"இன்னைக்கு யாருங்கய்யா வரலை?" என்றுதான் கேட்கிறார்கள்.

"இன்னும் நாலு வீடு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் ஏற்றத்தில் திரும்பிவிடுகிறார்.