கூடத்தையும் சேர்த்து விற்ற விவகாரம்

அன்புள்ள வக்கீல் மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் வீட்டு நலத்தையும் நாலு வரி விசாரித்திருப்பேன், உங்கள் அக்கா சமையலறை வாசலில் நின்று "எழுதியாச்சா?" என்று கேட்டபடி இருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

சோபா வியாபாரியாக இருந்த நான் டி.வி. தொடர் எடுக்கப் போனதே, ஒரு படப்பிடிப்புக்கு வாடகைக்குக் கொடுத்த என் சோபாவைப் பார்க்கப் போனதால்தான். மாமியார் அதில் உட்கார்ந்து அழுகிறாள், மருமகள் பக்கத்தில் நின்று அழுகிறாள், மொத்தத் தொழிலும் அவ்வளவுதான். இதற்கு எதற்கு அடுத்தவன் என்று நானே கம்பெனி ஆரம்பித்து, செட் போடும் செலவு வேண்டாமென்று நம் வீட்டுக் கூடத்திலேயே எடுத்தேன். ஊரே அழுதது, நான் சிரித்தேன். பெரிய கம்பெனி ஒன்று வாசலில் வந்து நின்றது. கோட்டு போட்ட மேலாளர், "செட், சாமான், கதை எல்லாத்தையும் சேர்த்து எடுத்துக்கறோம் சார்" என்றார். தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் பழைய சோபாக் கடைக் குஷியில், "தாராளமா அள்ளிக்கிட்டுப் போங்க" என்று கையெழுத்துப் போட்டேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அந்த செட் நம் கூடம்தானே மச்சான்! இப்போது படுக்கையறை என்னுடையது, சமையலறை என்னுடையது, நடுவில் இருப்பது கம்பெனியுடையது. குளித்துவிட்டு வந்தால் காவலாளி, "அடையாள அட்டை எங்க பெரியவரே?" என்கிறான். இடுப்புத் துண்டில் அதை எங்கே மாட்டுவது? நேற்று சாப்பாட்டுத் தட்டோடு கூடத்தைக் கடந்தேன். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "சார், இது சாவு சீன். நீங்க ரசிச்சு மென்னுகிட்டுப் போறீங்களே!" என்று கத்தினார்.

உங்கள் அக்காவோ, "குடியிருக்கிற வீட்டுல நடுவை மட்டும் வித்த ஆளு நீங்க ஒருத்தர்தான். கூடம் திரும்பி வர்ற வரைக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்" என்கிறாள். இதைத் தினமும் அரைமணி நேரம் சொல்கிறாள். ஆகவே உடனே புறப்பட்டு வந்து வழக்குப் போட்டு, கூடத்தையும் என் குடும்பத்தையும் மீட்டுத் தரவும். ஃபீஸுக்குப் பதில் சோபா தரலாமென்றால் அதுவும் போய்விட்டது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள்; முக்கியமாக, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் புத்தி வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
படுக்கையறையிலிருந்து,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில், மாமியாராக நடிக்கும் அம்மாள் வரவில்லையென்று உங்கள் அக்காவைச் சோபாவில் உட்கார வைத்தார்கள். புருஷனை வீட்டை விட்டுத் துரத்தும் காட்சி. வசனம்கூடக் கொடுக்கவில்லை, ஒரே டேக்கில் முடித்துவிட்டாள், எல்லாரும் கைதட்டினார்கள். தொடர் முடியும்வரை இனி அவள்தான் மாமியார். கூடத்தைத் திருப்பிக் கேட்டு நான் வழக்குப் போட்டால், நீங்கள் கம்பெனி பக்கம் வாதாடுவீர்களாம். அக்கா சொல்லிவிட்டாள்.