எத்தி என்றால் ஏத்தாதே

இலங்கை மலையகத்துக்காரனுக்குத் தமிழ், சிங்களம் இரண்டு பாஷையும் தெரியும் என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே காதுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் வெளியே சொல்ல மாட்டோம். நான் சொல்கிறேன். ஒரு மனிதர் தண்ணீரில் விழுவார்.

அந்த மனிதர் என் மாமனார் முத்தையா. அப்போது இன்னும் மாமனார் ஆகவில்லை. அவருடைய மகள் செல்விக்கு என்னைப் பிடித்திருந்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. ஹட்டனில் பைக் கராஜ் வைத்திருப்பவன் கையில் எப்போதும் கிரீஸ்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. (கழுவிக்கொண்டுதான் போவேன். சத்தியமாக!)

நீர்த்தேக்கத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்ல அவர் ஒரு படகு வைத்திருந்தார். வேகத்தைக் குறைத்தாலே அதன் எஞ்சின் நின்றுபோகத் தொடங்கியது. செல்வி என்னைச் சிபாரிசு செய்தாள்.

“பைக்கு பாக்குறவனுக்கு போட்டு தெரியுமா?” என்றார் அவர்.

“எல்லாம் பெட்ரோல் குடிக்கிறதுதானுங்களே மாமா.”

“மாமாவா? மொதல்ல எஞ்சினப் பாரு. அப்புறம் மொறை வைக்கலாம்.”

கோளாறு த்ரொட்டில் சென்சரில் இருந்தது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று எஞ்சினின் கம்ப்யூட்டருக்குக் கோள் சொல்லும் சின்னச் சாமான். ஸ்க்ரூவைத் தளர்த்தி, மீட்டரைப் பார்த்தபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதுதான் எனக்குத் தெரியாது. நீர்கொழும்பில் படகு எஞ்சின் பார்க்கும் சுனில் பாஸுக்குப் போன் போட்டேன். (மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்போம்.) தங்கமான மனிதர். எனக்காகத் தன் சிங்களத்தில் தமிழைக் கலந்து பேசினார்.

மீட்டர் காட்டியதைச் சொன்னேன். “கொஞ்சம் ஏத்து” என்றார். ஏற்றினேன். “இன்னும் ஏத்து.” ஏற்றினேன். பிறகு, “எத்தி, எத்தி!” என்றார்.

சிங்களத்தில் எத்தி என்றால் போதும். தேநீர்க் கடையில் சீனி போடும்போது தினமும் நானே சொல்லும் சொல். ஆனால் அந்த நேரம் என் காதில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றினேன். “எத்தி! எத்தி!” மனிதர் கத்தத் தொடங்கினார். என் கைத்திறமையில் சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்து இன்னும் ஏற்றினேன். போன் லைன் அறுந்தது. ஸ்க்ரூவை இறுக்கினேன்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் அலறியது.

“ஏன்டா இப்புடிக் கத்துது?”

“உசுரு வந்துருச்சுங்க மாமா!”

படகில் உட்கார்ந்திருந்த மாமா எழுந்து நின்று கியரைப் போட்டார். படகு பாய்ந்தது. கட்டியிருந்த கயிறு படகைப் பிடித்து நிறுத்தியது. மாமாவைப் பிடிக்க யாருமில்லை. நான் எஞ்சினை அணைப்பதற்குள் முழங்கால் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்திருந்தார்.

கரையிலிருந்து செல்வி ஓடி வந்தாள். “பாஸ் என்னங்க சொன்னாரு?”

“ஏத்தச் சொன்னாரு.”

“ஏத்துன்னாரா, எத்தின்னாரா?”

எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. பெண்ணும் போச்சு, மானமும் போச்சு!

மாமா எழுந்தார். வேட்டியைப் பிழிந்தார். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார். “ஏம்மா, இந்தக் கூமுட்டதான் வேணுமா ஒனக்கு?”

செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “எனக்கு இவரு எத்திப்பா.”

முதலில் சிரித்தது அவர்தான். சென்சரை மறுநாள் சுனில் பாஸே சரிசெய்தார், போனில். அவர் சொன்னதை என் காதில் விடாமல் செல்வியின் காதில் விட்டார்கள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் அரைவயிற்றோடு எழுந்த சரித்திரம் இல்லை. போதும் என்று கையால் மறைத்தாலும் மாமா சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார்: “செல்வி, மாப்புள எத்திங்கிறாரு!”

அவள் சட்டியோடு வந்து இன்னொரு கரண்டி சோற்றை ஏற்றிவிட்டுப் போவாள்.