எஞ்சினுக்குள் மாமனார்

அன்பும், கொஞ்சம் குறைவாக மரியாதையும் கொண்டு மைத்துனன் ஃபால்கோவுக்கு அத்தான் கெர்னோட் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஹைட்ரூனும் நலம். நீ நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

என் மாடல் நீராவி எஞ்சினுக்கு ஒரு சவுண்டு சிப் போட்டுத் தரச் சொன்னேன். கேட்டது என்ன? நீளமாக ஒரு விசில். மலை வளைவில் திரும்பும்போது பிள்ளைகள் கைதட்டுகிற மாதிரி. நீ என்ன சொன்னாய்? "அத்தான், நிஜ எஞ்சின்ல என்ன கேக்குமோ அதுதான் இருக்கணும். கண்ட இடத்துல ஊத அது என்ன பொம்மையா?" சரி, விஷயம் தெரிந்தவன் சொல்கிறான் என்று ஒத்துக்கொண்டேன். நீ என்னடாவென்றால், உன் அப்பா எஞ்சின் ஓட்டிய காலத்தில் அவர் பக்கத்தில் நின்று பதிவு செய்த கேசட்டை அப்படியே சிப்பில் ஏற்றி, கண்காட்சியன்று காலையில் கொண்டுவந்து நீட்டுகிறாய்!

இத்தனை வருஷத்தில் முதல் முறையாக என் எஞ்சின்தான் மாடல் ரயில் சங்கத்துக் கிறிஸ்துமஸ் கண்காட்சியின் முதல் ரயிலை இழுக்கிறது. உன் அக்கா காய்ச்சலில் வரவில்லை, பிழைத்தாள். மேயரம்மா, பாதிரியார், கையில் ஸ்டோலன் கேக்கோடு பாதி ஊர். பொத்தானை அமுக்கினேன். புஸ்ஸென்று நீராவி. கரி அள்ளிப் போடும் சத்தம். அப்புறம் போன வசந்தத்தில் நாம் அடக்கம் செய்த மாமனார், தன் எஞ்சினைப் பார்த்து, மண்டபம் அதிர: "நகருடி மூதேவி! எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி மசமசன்னு நிக்கிறியே!"

அந்த வீட்டு மாப்பிள்ளை நான் ஒருத்தன்தானே? மேயரம்மா என்னைப் பார்க்க, பாதிரியார் கூரையைப் பார்க்க, பிள்ளைகள் "இன்னொரு தடவை!" என்று குதிக்க, அணைக்கப் போன நான் பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டித் தொலைத்தேன்.

சங்கத் தலைவர் வைகெல்ட்டிடம் போய், இதை எடுத்துவிட்டு விசில் போட்டுக்கொள்கிறேன் என்றேன். காபி போடவே தீர்மானம் நிறைவேற்றுகிற கூட்டம் அல்லவா, அங்கேயே கையைத் தூக்கி ஓட்டெடுத்தார்கள். "விசில் கூடாது கெர்னோட். அந்த வளைவுல விசில் ஊதச் சொல்ற பலகை இல்ல, நிஜ டிரைவர் ஊத மாட்டார். திட்டு இருக்கட்டும், அது அசல் பதிவு" என்கிறார். ஒரு கை எதிர்க்கவில்லை! விசில் பொய்யாம், நான் மசமசவென்று நிற்பது நிஜமாம்! இது நியாயமா, ஃபால்கோ? உயிரோடு இருந்தவரை மனுஷன் வீட்டுக்குள்தான் திட்டினார். இப்போது ஊருக்கே டிக்கெட் போட்டுத் திட்டுகிறார்.

சனிக்கிழமைக்குள் வந்து அந்தச் சிப்பைப் பிடுங்கி எறி. இல்லையென்றால் சங்கத்திலிருந்தும் உன் உறவிலிருந்தும் ராஜினாமா. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உனக்கு இல்லை.

கெர்னோட்

பின்குறிப்பு: கவர் தேடிக் கீழ்த்தளத்துக்குப் போனேன். உன் அக்கா, நான் வீட்டுக்குக் கொண்டுவந்த எஞ்சினை ரயில் மேஜையில் வைத்து, முன்னால் உட்கார்ந்து அந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு திட்டுக்கும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அப்பா போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. என்னைக் கண்டதும், "வாங்க, அப்பா உங்களைத்தான் கேக்கிறாரு" என்றாள். சிப்பைத் தொடாதே. திட்டட்டும்.