மறுத்துப் பேச ஒரு மனைவி

இனி எவனுக்கும் கைகட்டி வேலை செய்வதில்லை என்று நான் முடிவெடுத்தேன். குளியலறைக் கண்ணாடி முன்னால், வாயில் பற்பசை நுரையோடு, உரக்கவே சபதம் போட்டேன். உங்களிடம் மறைப்பானேன்? என் ஆபீஸ் அந்த முடிவை எனக்கு முன்பே எடுத்துவிட்டது.

நான் ஒரு மின்விசிறிக் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவன். "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்." இந்த ஒரே வாக்கியத்தை வைத்துத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன். விசிறி சுற்றவில்லையா? வருந்துகிறோம். சுற்றியும் காற்று வரவில்லையா? மனமார வருந்துகிறோம். கழன்று தலையில் விழுந்ததா? ஆழ்ந்து வருந்துகிறோம். இப்போது அந்த வேலைக்கு ஏஐ வந்துவிட்டது. அது என்னைவிட உருக்கமாக வருந்துகிறது, லீவும் கேட்பதில்லை. மாதக் கடைசியோடு உங்கள் பிரிவை மூடுகிறோம் என்றார் மேனேஜர். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அதை மனைவியிடம் சொல்வதுதான் என்னால் ஆகாத காரியம். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். "நேத்துதான் வலி ஆரம்பிச்சது", "தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன்" என்று நாள் முழுக்கப் பொய் கேட்டுக் காது பழுத்தவள். விஷயம் தெரிந்தால் என்னைத் திட்டமாட்டாள். அதுதான் பயமே. சத்தமில்லாமல் எனக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பரிதாபம் எனக்குத் தொண்டையில் இறங்காது.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். மாதக் கடைசிக்குள் வேறு வேலை பிடித்துவிட வேண்டும். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நானே ராஜினாமா பண்ணிட்டேன்" என்று அறிவிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் அப்டேட் என்னை மடக்கினார். மாடி வீட்டுக்காரர். உலகத்தில் எது புதிதாக வந்தாலும் முதலில் அவருக்குத் தெரிந்துவிடுவதால் நாங்கள் வைத்த பெயர் அது.

"தம்பி, இந்த ஏஐ இருக்கே, அதுக்கே வாத்தியாராப் போயிடலாம், தெரியுமா?"

"யாரு, நானா? எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை தெரியாதே!"

"தமிழ் தெரியுமில்ல? போதும். அது தமிழ்ல பதில் சொல்லும். எங்க தப்புன்னு பார்த்து, ஏன் தப்புன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். ஃப்ரீலான்ஸ் வேலை. வீட்ல உட்கார்ந்தே பார்க்கலாம்."

"மேலதிகாரி?"

"எதிர்லயே நிக்கமாட்டாங்க."

"அப்போ நான்தான் ராஜா!"

"பனியனோட உட்கார்ந்த ராஜா" என்றார் அப்டேட். அப்போது அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அன்றே விண்ணப்பித்தேன். தேர்வு வந்தது. வீட்டு விஷயங்கள் பற்றிச் சில கேள்விகள், அதற்கு மெஷின் சொன்ன பதில்கள். படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. என்ன தெளிவு, என்ன நடை! தப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு ஏஐயிடம் காட்டினேன். "அனைத்தும் மிகச் சிறப்பு" என்றது அது. நானும் "அனைத்தும் மிகச் சிறப்பு" என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. "எல்லாப் பதில்களிலும் பெரிய தவறு உள்ளது. தாங்கள் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. தங்களுக்கு ஏற்படும் ஏமாற்றத்துக்கு மனமார வருந்துகிறோம். இன்னொரு வாய்ப்பு தருகிறோம்."

என் வாக்கியத்தாலேயே என்னை அடித்துவிட்டார்கள்!

யோசித்தபோது கோளாறு புரிந்தது. அந்த மெஷின் அப்படியே என்னைப்போலப் பேசுகிறது. தயக்கம் கிடையாது, சந்தேகம் கிடையாது, தெரியாது என்ற வார்த்தையே கிடையாது. என் பேச்சில் நான் என்றைக்காவது தப்புக் கண்டிருக்கிறேனா? அதற்கென்று வீட்டில் வேறு ஆள் அல்லவா இருக்கிறாள்! இன்றைக்கு வெயில் அதிகம் என்று நான் சொன்னால், நேற்றைவிடக் குறைவு என்பாள். பேருந்து வரும் என்றால் போய்விட்டது என்பாள். பார்த்தால் போயிருக்கும்.

ஆஹா! மெஷினின் பதிலை என் சொந்தக் கருத்தாக அவளிடம் எடுத்துவிட்டால்?

காலைச் சாப்பாட்டு மேஜை. போனைத் தட்டுக்குப் பக்கத்தில் குப்புற வைத்தேன். பேசுவதை அப்படியே எழுத்தாக மாற்றும் ஏஐ ஒன்றை அதில் ஓடவிட்டிருந்தேன். நானும் நவீனமாகிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

"சட்டையில பேனா மை கொட்டினா, கொதிக்கிற தண்ணியில ஊற வெச்சு, சூடா இஸ்திரி போட்டா கறை போயிடும்" என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம்தான்.

"போகும், சட்டை குப்பைத் தொட்டிக்குப் போகும். சூடு பட்டா கறை இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும். யார் சொன்னது?"

"நானே யோசிச்சேன்."

"அதான் பார்த்தேன்."

"அப்புறம், ரூம் ரொம்பப் புழுக்கமா இருந்தா, ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சாப் போதும். குளுகுளுன்னு ஆயிடும்."

"அறிவைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்தீங்களா? ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கை வெச்சுப் பாருங்க, கொதிக்கும். உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளுறதுதான் அதோட வேலை. திறந்து வெச்சா ரூம் இன்னும் சூடாகும், பாலும் கெட்டுப்போகும்."

"பல் வலிச்சா, வலிக்கிற பக்கமே நல்லா மென்னா பல்லு உறுதியாகும்."

"கிளினிக்குக்கு வாங்க. டாக்டர்கிட்டச் சொல்லி உங்க வாயையே பிடுங்கச் சொல்றேன்."

இப்படியே சில காலைகள். நான் அளந்துவிட, அவள் பொரிந்து தள்ள, போன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. திருத்தக்கூட எனக்குப் பொறுமையில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

வந்ததே பதில்! "தாங்கள் அனைத்துத் தவறுகளையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். விளக்கங்கள் எவருக்கும் புரியும்படி உள்ளன. குறிப்பாக, 'அறிவைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்தீங்களா' என்ற இடத்தை அலுவலகத்தில் அனைவரும் ரசித்தோம். சனிக்கிழமை காலை எங்கள் குழுத்தலைவர் தங்களோடு வீடியோவில் பேசுவார்."

வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடினேன். வெள்ளிக்கிழமை மாலை, அவள் செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தேன்.

"நான் வேலையை ராஜினாமா பண்ணலாம்னு இருக்கேன்."

"சரிங்க."

"காரணம் கேட்கமாட்டியா?"

"நீங்க நல்லா யோசிச்சுத்தான் செய்வீங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டாமா?

சனிக்கிழமை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே என்ன என்று கேட்காதீர்கள். கூடத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். "எனக்குத் தலைவலி, கதவைத் தட்டாதீங்க" என்று அவள் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

திரை மின்னியது. முதலில் ஒரு சுவர் தெரிந்தது. அப்புறம் ஒரு நீல அலமாரி. கைப்பிடி உடைந்து, கயிறு கட்டித் தொங்கியது. எங்கள் அலமாரியும் இப்படித்தான். போன வருஷத்திலிருந்து சரிசெய்து தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அட, என்னை மாதிரி இன்னொரு புருஷனும் உலகத்தில் இருக்கிறான் என்று சற்று ஆறுதலாக இருந்தது.

பிறகு முகம் தெரிந்தது.

"வணக்கம். நான்தான் குழுத்தலைவர்."

"நீயா!"

"நீங்கன்னு சொல்லணும். ஆபீஸ் கால்."

"நீங்க... எப்போலேர்ந்து?"

"ஒரு வருஷமாச்சு. மத்தியானம் கிளினிக் மூடியிருக்கிற நேரத்துல பார்ப்பேன். இந்த மாசம்தான் தலைவராக்கினாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க வேலைக்கு உலை வைக்கிற மெஷினுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்னு எந்த வாயால சொல்றது?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேலை போச்சுன்னு நீங்க மட்டும் சொன்னீங்களா?"

"அது... உனக்கு... உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க மேனேஜருக்குக் கடைவாய்ப் பல் எடுத்தாங்க. டாக்டர் வர்ற வரைக்கும் புலம்பிட்டு இருந்தார். உங்களை அனுப்பறதுல அவருக்கு ரொம்ப வருத்தமாம்."

"அப்போ அப்டேட்?"

"நான்தான் மாடிப்படியில நிக்கச் சொன்னேன். ரெண்டாவது வாய்ப்பு கொடுக்கச் சொன்னதும் நான்தான். கேள்விகளைத் தயார் பண்ணதும் நான்தான்."

"கேள்வியுமா? அப்போ மை கறைன்னு ஆரம்பிச்சப்பவே..."

"தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் பதில் சொன்னீங்க?"

"பேசாம இருக்கணும்னுதான் பார்த்தேன். நீங்க தப்பாச் சொல்லும்போது என்னால வாயை மூடிட்டு இருக்க முடியல. பழக்கமாயிடுச்சு." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஆனா இந்த வேலை உங்களுக்குக் கிடைக்காது. அந்தப் பதிலெல்லாம் நான் சொன்னதுன்னு ஆபீஸ்ல உள்ளதைச் சொல்லிட்டேன்."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. உண்மையாகவே வலித்தது. இத்தனை வருஷம் எழுதிய கைக்கு இனி வேலையே இல்லை என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. வருந்துகிறோம் என்று ஊருக்கெல்லாம் எழுதியவனுக்கு, தனக்கு வருத்தம் வந்தபோது எழுத ஒன்றும் இல்லை.

"முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க, இன்னும் முடிக்கல" என்றாள். "அங்க வேற ஒரு வேலை இருக்கு. மெஷினைச் சோதிச்சுப் பார்க்கத் தப்பான பதில்கள் வேணும். சும்மா தப்பு இல்ல. படிக்கிறவங்க சரின்னே நம்பணும். தயக்கமே தெரியக் கூடாது. நடை அழகா இருக்கணும். அப்படி எழுதறவங்க கிடைக்காமத் தேடிட்டு இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் இருக்கார், பிறவித் திறமைன்னு சொன்னேன். திங்கட்கிழமை சேர்ந்துக்கச் சொன்னாங்க."

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. சிரிப்புதான் வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. படுக்கையறைத் தாழ்ப்பாள் திறந்தது. அவளும் சிரித்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கீழே என்ன உடுத்தியிருக்கிறேன் என்று பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பரிதாபம் துளிகூட இல்லை.

திங்கட்கிழமை காலை நான் வேலையில் இறங்கினேன். பனியன்தான், ராஜாதான். கை பரபரவென்று ஓடியது. துணி துவைப்பது, செடி வளர்ப்பது, குழந்தை வளர்ப்பது என்று எந்தக் கேள்வி வந்தாலும் அழகழகாகத் தப்பாக எழுதித் தள்ளினேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் பதில்களுக்கெல்லாம் மனைவி வரிசையாக "சபாஷ்" போட்டாள்.

கடைசியில் ஒரு கேள்வி. "வீட்டில் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பாலும் யார் சொல்வது சரியாக இருக்கும்?" மாட்டினாயா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே, "சந்தேகமே வேண்டாம், மனைவி சொல்வதுதான்" என்று எழுதி அனுப்பினேன்.

அது ஒன்று மட்டும் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தது. "கேட்டது தப்பான பதில். கவனக்குறைவால் சரியான பதிலை எழுதியிருக்கிறீர்கள். திருத்தி அனுப்பவும்."