கட்சிகளுக்கு அப்பால்

இந்திய ஜனநாயகத்தின் நாடித்துடிப்பைக் கேட்க விரும்புகிறவர்கள் ராயபுரத்துக்குத்தான் வர வேண்டும், அதிலும் கயிறும் நங்கூரச் சங்கிலியும் விற்கும் ஒரு கடையின் மாடியில் இயங்கிய வாக்காளர் மனப்போக்கு ஆராய்ச்சிக் கழகத்துக்குத்தான் வர வேண்டும் என்பது அதன் டைரக்டர் வெள்ளத்துரை அவர்களின் அசைக்க முடியாத கருத்து. வந்தவர்களுக்குச் சங்கிலியை இழுக்கும் சத்தம்தான் கேட்டது. டைரக்டர் அசரவில்லை. துடிப்பு அதற்கும் கீழே இருக்கிறது என்பார்.

முதல் பொதுத்தேர்தல் சமயத்தில் தொடங்கிய கழகம் அது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அதே வீடுகளில், அதே கேள்விகளை, வருஷந்தோறும் கேட்டுப் பதில் சேர்த்து வந்தது. இரண்டாவது பொதுத்தேர்தல் நெருங்கும் வேளையில் இதைப் பார்வையிட டெல்லியிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாகத் தகவல் வந்தது. ஒவ்வொரு கேள்வியும் எதைக் குறிக்கிறது, பதில் தாளில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் என்ன பொருள் என்று சொல்லும் விளக்கக் கையேட்டை முன்கூட்டி அனுப்பும்படி அவர் கேட்டிருந்தார்.

அப்படி ஒன்று இல்லை என்பது அப்போதுதான் கழகத்துக்கே தெரிந்தது.

வேலை தவசிமுத்துவின் தலையில் விழுந்தது. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து புதிதாக வந்த தற்காலிக குமாஸ்தா. கையேடு டெல்லிக்காரருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். மனைவி சுகிர்தத்தைப் பட்டணத்துக்கு அழைத்துக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமனாரின் கருப்பட்டிக் கடையில், அதுவும் மாமனாரின் கண்பார்வையில், உட்கார வேண்டும்.

கேள்விகளுக்கு 'மாறி' என்று பெயர் சூட்டியவர் டைரக்டர். ஆளுக்கு ஆள் பதில் மாறுவதால் மாறி. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் கன்னியப்பனிடம், மொத்தம் இருபத்திரண்டு மாறிகள் என்று அவர் சொன்னபோது அவன், "பேட்டைக்கு ஒரு மாரி பத்தாதா சார்? அவளுக்கே கூழு ஊத்தி மாள்ல" என்றானாம். சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, கடை வாசலில் குவித்திருந்த சங்கிலியின் மேல் உட்கார்ந்துகொண்டான். மாடியில் இருக்க வேண்டாத நேரமெல்லாம் அவன் அங்கேதான் இருப்பான்.

பத்து மாறிகள் வரை கையேடு சுகமாக ஓடியது. வயது, தொழில், படிப்பு, பத்திரிகை வாசிக்கும் பழக்கம். பதினோராவது மாறியில் மாட்டிக்கொண்டது. 'தாங்கள் ஆதரிக்கும் கட்சி யாது?' இதற்கு ஒன்று போட்டால் ஆளுங்கட்சி, இரண்டு போட்டால் எதிர்க்கட்சி, மூன்று சுயேச்சை. ஆனால் தாள்களில் இவை தவிர 'அப்.' என்று ஒரு குறி இருந்தது. முதல் வருஷத்தில் அநேகமாக எல்லாத் தாளிலும் 'அப்.'தான். அடுத்தடுத்த வருஷங்களில் அது தேய்ந்துகொண்டே வந்து, போன வருஷம் நாலைந்து பேரோடு நின்றுவிட்டது.

கன்னியப்பனைக் கேட்டுவிடலாமா என்றான் தவசிமுத்து.

"கன்னியப்பன் கை. நாம் மூளை," என்றார் டைரக்டர். "கையைக் கேட்டுக்கொண்டா மூளை யோசிக்கும்?"

கண்களை மூடினார். திறந்தபோது விடை கிடைத்திருந்தது.

"அப்பால், தவசிமுத்து. கட்சிகளுக்கு அப்பாற்பட்டவர்கள்."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தினமும் கரையில்லாத கடலைப் பார்க்கிற மனிதனுக்குக் கட்சி என்பது எத்தனை சிறிய கட்டுமரம் என்றார். அந்த ஞானிகள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள் என்றால் ஞானிகள் குடிமக்களாகிக்கொண்டிருக்கிறார்கள், ஜனநாயகம் வேர் பிடிக்கிறது என்றார். தவசிமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படியே எழுதிக் கையேட்டோடு டெல்லிக்கு அனுப்பினான்.

டெல்லிக்கும் மயிர்க்கூச்செறிந்துவிட்டது. நாட்டில் வேறெங்கும் காணாத இந்த வாக்காளர்களில் ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் பதில் எழுதினார்.

போன வருஷத்துத் தாள்களைப் புரட்டியதில் முத்தம்மா என்கிற மீன்காரி கிடைத்தாள். தவசிமுத்து அவள் தெருவுக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். முத்தம்மா சும்மாட்டின் மேல் கூடையை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்க ஆதரிக்கிற கட்சி..."

"அப்பால."

காதாலேயே கேட்டுவிட்டான். உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எல்லாக் கட்சிக்குமே அப்பாலயா அம்மா?"

"இன்னாடா இது காலைல பேஜாரு. மீனு காஞ்சிகினு கீது. அப்பால வா நைனா."

தவசிமுத்துவின் கண்கள் பனித்தன. "என்னையுமா வரச் சொல்லுதீங்க?"

எதிர் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ரஹீமுன்னிசாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"தம்பிக்கு எந்த ஊரு? அப்புறமா வான்னு சொல்லுது. யாவாரம் முடிஞ்சு வரணும், சாய்ந்தரமா."

பொறவு வா. அவ்வளவுதான். அவன் ஊரில் பொறவு, இங்கே அப்பால. தவசிமுத்து அங்கேயே கிடந்த ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தான்.

முத்தம்மா கூடையைத் தூக்கியபடியே சொன்னாள்: "போன வருசம் கன்னியப்பனாண்டயும் இத்தான் சொன்னேன். சரின்னுட்டுப் போனான், திரும்பி வர்ல. அல்லாரும் அப்டித்தான். ஓட்டு கேக்க வரான், அப்பால எவன் வரான்?"

அவள் போன பிறகும் அவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஜனநாயகத்துக்கு வெளியே நின்ற ஞானிகள் என்று டெல்லி வரை போனவர்கள் எல்லாரும் கையில் வேலை இருந்தவர்கள். யாராவது இன்னொரு தடவை வந்து கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்பது கழகத்துக்குத் தெரியாது. இதை மறைத்தால் பேராசிரியர் வந்து முத்தம்மாவிடம் 'அப்பால வா' வாங்கிக்கொண்டு போவார். சொன்னால் டைரக்டரின் ஞானம் போகும், கூடவே வேலையும் போகும். கருப்பட்டி வாசனை அப்போதே மூக்கில் ஏறியது.

சொல்லிவிட்டான்.

டைரக்டர் சுவரைப் பார்த்தார். கீழே யாரோ சங்கிலியை இழுத்தார்கள்.

"முத்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுவோம்."

"ஐயா, முதல் வருஷம் அத்தனை பேரும் 'அப்.' ஐயா. எல்லாருக்குமா உடம்பு சரியில்ல?"

பிறகு தவசிமுத்துவே துணிந்து ஒரு வழி சொன்னான். பதினோராவது மாறியில் 'அப்.' என்றால் பதில் கிடைக்காத வீடு என்று உள்ளபடி எழுதிவிடுவது. அந்தத் தாள்களை அடித்துவிடுவது. மற்ற வீட்டுக்காரர்கள் பதில் சொல்லியிருக்கிறார்களே, அவை போதும்.

பொழுது சாய்வதற்குள் அது டைரக்டரின் யோசனையாகிவிட்டது. நேர்மையே ஆராய்ச்சியின் முதல் மாறி என்று ஒரு முன்னுரையும் எழுதினார். 'அப்.' தாள்களின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டார்கள். முதல் வருஷத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. பின் வருஷங்கள் பளிச்சென்று மிஞ்சின.

டெல்லிப் பேராசிரியர் வந்தார். ஞானிகள் இல்லை என்றதும் முகம் வாடியது. முன்னுரையைப் படித்ததும் மலர்ந்தது. எத்தனையோ கழகங்களைப் பார்த்திருக்கிறாராம், தான் கண்டுபிடித்ததைத் தானே அடித்துப்போட்ட கழகத்தைப் பார்த்ததில்லையாம். மிஞ்சிய தாள்களை ஆசையாகப் புரட்டினார். ஒரு கேள்வி விடுபடவில்லை. ஒருவர்கூடத் தயங்கவில்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களைப் போல ஒவ்வொருவரும் பதில் சொல்லியிருந்தார்கள். இதுதான் மக்களின் குரல் என்றார். இந்தக் கையேட்டை எழுதியவரை விட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். அன்றைக்கே தவசிமுத்து நிரந்தரமானான்.

சுகிர்தத்துக்குத் தந்தி கொடுக்க இறங்கியவன், சங்கிலிக் குவியலின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கன்னியப்பனைப் பார்த்து நின்றான். சந்தோஷத்தில் மனசு இளகியிருந்தது. நடந்ததையெல்லாம் சொல்லி, 'அப்.' தாள்களை அடித்தாயிற்று, திரும்பிப் போகாத குற்றத்துக்காக உன்மேல் யாருக்கும் வருத்தமில்லை, மற்ற வீடுகளுக்கெல்லாம் ஒழுங்காகப் போயிருக்கிறாயே, அது போதும் என்றான்.

கன்னியப்பன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அத்தயா அடிச்சீங்க?"

"ஆமா. ஏன்?"

"மொத வருசம் அல்லா வூட்டுக்கும் போனேன் சார். அல்லாரும் அப்பால வான்னாங்க. அதுக்கோசரம் வருசா வருசம் போறத கொறச்சிகினேன்," என்றான் கன்னியப்பன். "நான் போன வூடே அதுங்கதான். மத்ததெல்லாம் இந்தச் சங்கிலி மேல குந்திகினு நானே எழுதனது."