பட்டினியில் சாகாத கலங்கள்

படித்தவர்கள் செய்யும் மோட்டுத்தனத்துக்கு எப்போதும் ஒரு விஞ்ஞான விளக்கம் இருக்கும். என்னுடையதற்கு அண்ணாவின் கடிதம் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் போருக்குப் பயந்து வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். அண்ணா ஏதோவொரு குளிர்தேசத்தில். நான் ஒரு வாடகை அறையில். சனி, ஞாயிறு வாயைத் திறக்காமலே கழியும். திங்கட்கிழமை முதல் பாடத்தில் என் குரலே எனக்குக் கரகரக்கும்.

அண்ணாவின் கடிதங்கள் மாதக்கணக்கில் அலைந்து வந்து சேரும். ஒவ்வாமை நோய்களை ஆராயும் ஆய்வுகூடத்தில் அவனுக்கு வேலை. நம் உடம்பில் மாஸ்ட் கலங்கள் என்று ஒருவகை உயிரணுக்கள் உண்டு. ஒத்துவராத பொருள் வந்து சீண்டினால், உள்ளே வைத்திருக்கும் இரசாயனத்தைக் கொட்டிவிடும். தடிப்பும் வீக்கமும் அதனால்தான். அவற்றைத் தட்டில் வளர்த்து, எது கிளப்புகிறது, எது அடக்குகிறது என்று பார்க்கிறார்களாம். "வளர்த்தெடுக்க இரண்டு மாதத்துக்கு மேல் வேணும். உணவு ஊற்றாமல் விட்டால் சில நாளில் செத்துப்போகும்" என்று எழுதியிருந்தான்.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இறால் ஒத்துவராது. ஏழு வருடமாகத் தொட்டதில்லை. அப்படியென்றால் என் உடம்பில் இறாலுக்காகக் காத்திருந்த கலங்களெல்லாம் பட்டினியில் செத்திருக்க வேண்டும்! (இதை நான் கரும்பலகையில் எழுதாதது மாணவர்களின் அதிர்ஷ்டம்.)

உண்மையில் அந்தக் கண்டுபிடிப்பு எனக்குத் தேவைப்பட்டது. கடற்கரை ஊரான கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிலோமினா அக்கா, தன் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாள் விருந்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். அவர்கள் விருந்தில் இறால் இல்லாமலிராது. அந்த ஊரில் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அதுவே முதல்தடவை.

"ரீச்சருக்கெண்டு எடுத்து வைச்சனான்" என்று அக்கா இறாலை அள்ளிப் போட்டார். பாயிலிருந்த பெண்கள் நெருங்கி உட்கார்ந்து எனக்கு இடம்விட்டார்கள். வேண்டாமென்றால் அந்த இடம் போய்விடும் போலிருந்தது. சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் வாங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது.

"உறைப்போ ரீச்சர்?"

"இல்லையக்கா, நல்ல ருதி" என்றேன். நாக்கும் வீங்கிவிட்டது. பிறகு கண்களும் வீங்கிப் பாதி மூடிக்கொண்டன. வெள்ளை உடுப்பில் நின்ற மகள் என்னைப் பார்த்து வீரிட்டு அழுதாள்.

அக்காவின் புருசன் சூசையண்ணை என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி மிதித்தார். அக்கா என்னைப் பிடித்தபடி பக்கத்தில் ஓடிவந்தார். மூச்சு விசிலடித்தது. செத்தால் இவர்கள் யாருக்கு அறிவிப்பார்கள் என்று யோசித்தேன். ஊருக்குள் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஊசி போட்டுவிட்டுக் கேட்டார்: "இறால் ஒத்துவராதெண்டு முந்தியே தெரியுமோ?"

"ஓம்."

"என்ன பாடம் படிப்பிக்கிறீங்கள்?"

அக்காதான் சொன்னார்: "விஞ்ஞானம்."

வீக்கம் வற்றியதும் அக்கா கேட்டார்: "பின்னை ஏன் ரீச்சர் சாப்பிட்டனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா கத்தரிக்காய்க் கறி வைச்சிருப்பனே."

கலங்களைப் பற்றிய என் கோட்பாடு முழுவதும் மறந்துபோயிற்று. "ஒருத்தரும் கூப்பிடுறேல்லையக்கா" என்று மட்டும்தான் வந்தது. அக்கா விருந்துக்கு உடுத்திருந்த சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார்.

எல்லாவற்றையும் அண்ணாவுக்கு எழுதினேன். பதில் வர ஐந்து மாதம். "விசரி! தட்டில இருக்கிறதுதான் சாகும். உடம்பில இருக்கிறது, நீ இறால் திண்டாலும் திண்ணாட்டியும் காத்துக்கொண்டிருக்கும்." கீழே சின்ன எழுத்தில் இன்னும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமையிலும் கலங்களுக்கு உணவு ஊற்ற அவன் போக வேண்டுமாம். கட்டடத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்களாம். "அதுகளோட தமிழில கதைப்பன். இஞ்ச வேற ஆர் இருக்கினம்?"

இப்போது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. தொலைபேசியில் ஒருநாளும் சுகமா என்று கேட்கமாட்டான். "என்னடி, கலங்கள் உயிரோடயோ?" என்பான். உடனே பின்னாலிருந்து அவன் பிள்ளைகளும் அதையே கத்துவார்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழில் பாதி அதுதான்.