மாதிரிக்கு ஒரு காணொளி

நகரப் பேருந்துத் துறையின் தலைமை அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதும் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் கண்காணிப்பாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் காற்புள்ளி. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் ஒரு காற்புள்ளியாவது சேர்க்காமல் கீழே வைக்க மாட்டார். கேலிக்கு வைத்த பெயர்தான் என்றாலும், அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

ஒருநாள் காலை இயக்குநர் அவரை அறைக்கு அழைத்தார். முந்தின நாள் பாலத்தடி நாற்சந்தியில் லாரி மோதி, ஸ்கூட்டரில் தண்ணீர் கேன் போடுகிற இளைஞர் ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துபோயிருந்தார். பின்னால் நின்ற துறைப் பேருந்திலிருந்து கண்டக்டர் குதித்து இறங்கி ஓடினார். ஓடிப்போய்ச் செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் எடுத்த காணொளியை யாரும் சீந்தவில்லை. அவர் நின்று படமெடுப்பதையும் சேர்த்து இன்னொருவர் எடுத்த காணொளிதான் ஊரெல்லாம் சுற்றியது.

"பஸ் நம்பர் பளிச்சுன்னு தெரியுது. பஸ்ஸைக் கழுவக்கூட இல்லை. துறைக்கு எவ்வளவு பெரிய அசிங்கம்! இனிமே நம்ம ஊழியர் யாரும் இந்த மாதிரி வீடியோ எடுக்கக் கூடாது, அனுப்பக் கூடாது. உடனே ஒரு சுற்றறிக்கை போடுங்க. நீங்க பார்த்தீங்களா அதை?"

"சேச்சே, அதெல்லாம் நான் பார்க்கிறதில்லை சார்" என்றார் காற்புள்ளி.

பல் தேய்க்கும்போது ஒருமுறை பார்த்திருந்தார். பிறகு ஒலியைக் குறைத்து இன்னொரு முறை. ஒலியைக் குறைத்தது இறந்தவருக்கு மரியாதை.

"பார்க்காம எப்படி எழுதுவீங்க? அனுப்பறேன், பாருங்க."

அப்படியாக அந்தக் காணொளி அரசு நடைமுறைக்குள் முறைப்படி நுழைந்தது. காற்புள்ளி அதை 'மேல்நடவடிக்கைக்காக' என்று குறிப்பிட்டுச் சட்ட ஆலோசகருக்கும் மக்கள் தொடர்பு அம்மாவுக்கும் அனுப்பிவைத்தார். மூவரும் கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மரண விபத்துன்னு எழுதினா போதாது. ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்தா?" என்று ஆரம்பித்தார் சட்ட ஆலோசகர்.

"அனுப்பின நேரத்துல உயிர் இருந்ததான்னு பார்க்கணும்" என்றார் காற்புள்ளி.

"இருந்தா அனுப்பலாமா?"

"அனுதாபத்தோட அனுப்பலாம்."

"சோகப் பாட்டு சேர்த்து அனுப்பினா?" என்று கேட்டார் மக்கள் தொடர்பு அம்மா.

"அது அஞ்சலி" என்றார் காற்புள்ளி.

"'இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்'னு மேல போட்டா?"

"அது எச்சரிக்கை. பொதுநலம்."

"அப்ப எதைத்தான் தடை பண்றோம்?"

சட்ட ஆலோசகர் மோட்டுவளையைப் பார்த்தார். "சும்மா அனுப்பறதை."

இவ்வளவு நுட்பம் டிப்போவில் இருப்பவர்களுக்குப் புரியாது என்று மூவருக்கும் தோன்றியது. அப்போதுதான் காற்புள்ளிக்கு அந்த யோசனை உதித்தது. எதை அனுப்பக் கூடாது என்பதற்கு மாதிரியாக அந்தக் காணொளியையே சுற்றறிக்கையுடன் இணைத்துவிட்டால் என்ன? யோசனை வேறு யாருக்காவது தோன்றியிருக்கக் கூடாதா என்று பின்னால் அவர் எத்தனையோ தடவை ஏங்கியிருக்கிறார். அன்றைக்கோ தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

இயக்குநரும் பாராட்டினார். "ஆனா ஒண்ணு, பஸ் நம்பரை மறைச்சுடுங்க. கண்டக்டர் மூஞ்சியையும் மறைங்க. துறையோட மானம்!"

மறைத்தார்கள். சுற்றறிக்கை ஊழியர் எல்லோருடைய செல்போனுக்கும் பறந்தது. இணைப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 'பார்த்தேன், புரிந்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். தவறினால் விளக்கம் கேட்கப்படும்.

சில நாள் கழித்து, கீழ்த்தளத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் பெண் மாடியேறி வந்தாள். தம்பி தவறிவிட்டான் என்று விடுப்பில் போனவள், அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டவரே காற்புள்ளிதான்.

"சுற்றறிக்கை பார்த்தேன் சார்."

"வாயால சொன்னாப் போதாதும்மா. பதில் அனுப்பணும்."

"அது என் தம்பி சார்."

காற்புள்ளியின் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டது.

"அம்மா கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு வீட்டுல இருக்கிற செல்போனையெல்லாம் மறைச்சு வச்சிருந்தோம். நானும் பார்க்கலை. யார் அனுப்பினாலும் திறக்காமலே அழிச்சேன். ஆபீஸ்லேருந்து வந்திருக்கே, கட்டாயம்னு போட்டிருக்கேன்னு திறந்துட்டேன்." அவள் அழவில்லை. கணக்குப் புரியாதவள் கேட்பது போலக் கேட்டாள். "பஸ் நம்பரை மறைச்சிருக்கீங்க. கண்டக்டர் முகத்தை மறைச்சிருக்கீங்க. அவன் முகம் மட்டும் நல்லாத் தெரியுதே சார்? யாரையோ தேடற மாதிரி பார்க்கிறானே..."

அந்த முகத்தைக் காற்புள்ளி பலமுறை பார்த்தவர். அதுவும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிச்சுடும்மா என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளே கேட்டாள்.

"எல்லார்கிட்டேயிருந்தும் அதை எடுத்துட முடியுமா சார்?"

"இன்னைக்கே எடுத்துடறேன்மா" என்றார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். உடனே இரண்டாவது சுற்றறிக்கை எழுதினார்: 'முந்தைய சுற்றறிக்கையின் இணைப்பை, பார்க்காமல், உடனடியாக நீக்கவும்.'

ஊழியர்களில் பாதிப்பேர் முதல் சுற்றறிக்கையைத் திறக்காமலே 'பார்த்தேன், புரிந்தது' என்று அனுப்பியவர்கள். பார்க்காமல் நீக்கு என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று இப்போது திறந்து பார்த்தார்கள். ஓய்வுபெற்றவர்கள்கூடக் கூப்பிட்டு, "என்னமோ வீடியோவாமே, எனக்கும் ஒண்ணு அனுப்பு" என்று கேட்டு வாங்கினார்கள். நீக்கியதற்கு ஆதாரம் வேண்டும் என்றார் சட்ட ஆலோசகர். நீக்குவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று செல்போன் திரையை ஆளுக்கு இரண்டு படம் எடுத்துக் காற்புள்ளிக்கு அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் அவருடைய செல்போன் முழுக்க அந்த இளைஞனின் முகம்.

எல்லோரும் போன பிறகு காற்புள்ளி ஒவ்வொன்றாக அழித்தார். கூட்டத்துக்கு அனுப்பியது, இயக்குநரிடமிருந்து வந்தது என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தவர், விபத்து நடந்த மறுநாள் காலையில் வந்து நின்றார். அன்று பல் தேய்த்த கையோடு மைத்துனனுக்கும் அதை அனுப்பியிருந்தார், 'ஐயோ பாவம்' என்று எழுதி. எல்லோருக்குமாக நீக்கலாம் என்று பார்த்தார். அந்த வாய்ப்பு காலாவதியாகிவிட்டிருந்தது. 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதுதான் மிச்சம். அழுத்தினார்.

பிறகு மைத்துனனைக் கூப்பிட்டார். "அன்னைக்கு ஒரு வீடியோ அனுப்பினேனே, அதை அழிச்சுடுப்பா."

"எது மாமா?"

"தண்ணி கேன் போடற பையன், லாரி..."

"ஓ, அதுவா! அது பழசு மாமா, எப்பவோ போச்சு. இன்னைக்கு வேற ஒண்ணு வந்திருக்கு. இருங்க, அனுப்பறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. காற்புள்ளி செல்போனைக் கவிழ்த்து வைத்தார். நிமிர்த்தினார். மறுபடி கவிழ்த்தார். பாவம், இது யார் பெற்ற பிள்ளையோ?

முகத்தை மறைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான் திறந்தார். திறந்தவர்கள் எல்லோருமே அப்படி ஏதோ ஒரு நல்ல காரணத்துக்காகத்தான் திறந்தார்கள்.